மூன்று பந்துகளும் என் மாமனாரின் மூச்சும்

எங்கள் வீட்டு ஷோகேஸில், பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, பக்கத்தில் வாயில் வைத்து இழுக்க ஒரு டியூப். வருகிறவர்கள் விளையாட்டுச் சாமான் என்றே நினைக்கிறார்கள். இன்று எழுபத்தொன்பது வயதில் என் மாமனார் முழுப் போண்டாவைப் பிய்க்காமல் வாயில் போடுகிறார் என்றால், அதற்கு இந்த டப்பாதான் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் கோபம். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் பெரம்பலூருக்குப் போனோம். நாள் குறிக்கும் அதிகாரம் சர்ஜனிடம் இல்லை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் இருந்தது. பல் ஆடுகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, என்னென்ன மாத்திரை என்று துருவித் துருவிக் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

"அய்யா, கல்லை எடுக்கறது பெரிய காரியமில்ல. வயசானா நெஞ்சுக்கூடு இறுகிடும், சளியை இருமித் தள்ற தெம்பு குறைஞ்சிடும். மயக்கம் தெளிஞ்சப்பறம் மூச்சு சரியா வரலைன்னாதான் ஆபத்து. பீடிய வுட்டுட்டு மூணு வாரம் இதுல மூச்சை இழுத்து, மூணு பந்தையும் மேல ஏத்திப் பழகிட்டு வாங்க" என்று டப்பாவைக் கையில் கொடுத்தார்.

அரியலூர் பஸ்ஸில் மாமா அந்த டப்பாவைத் தொடவே இல்லை. அதே தடத்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் அவர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை விசில் சத்தத்திலேயே உள்ளே ஏற்றிய மூச்சை ஒருத்தர் சந்தேகப்பட்டதில் அவருக்குப் பொல்லாத ரோஷம்.

கீழப்பழுவூர் வீட்டுக்கு வந்ததும் டியூபை வாயில் வைத்து ஊதினார். முகம் சிவந்ததே தவிர பந்து அசையவில்லை. "டப்பாவே கோளாறு" என்றார். ஊதக் கூடாது மாமா, உள்ளே இழுக்கணும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து, "மூணும் ஏறிடுச்சு, வந்து பாரும்மா" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறார்!

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் எழுந்து வந்தார். டப்பாவை நேராக வைத்து ஒரே இழுப்பு. மூன்று பந்துகளும் மேலே போய் நின்றன. "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று வைத்துவிட்டுப் போனார்.

அன்றோடு பீடிக்கட்டு போன இடம் தெரியவில்லை. மாமா மெல்ல மெல்ல ஒரு பந்து, ஒன்றரைப் பந்து என்று முன்னேறினார். "இன்னும் ஒண்ணுலதான் நிக்கிறீங்களா?" என்று கேட்காமல் மாமியார் அவரைக் கடந்ததில்லை. இருவரும் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. சாயங்காலமானால் வீடே டப்பாவைச் சுற்றி உட்கார்ந்துவிடும். எனக்கு அந்த மூன்று வாரமும் திருவிழாதான். ஆனால் ஒருநாள் அடுப்படியில் மாமியார் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு பந்தோட நின்னுட்டா மயக்கம் தெளியாதா?"

"டாக்டரம்மாவையே கேட்டுடலாம் அத்தே" என்றேன்.

இரண்டு பந்தோடுதான் நின்றது. மூன்றாவது நடுங்கியது, ஏறவில்லை. இந்த வயதுக்கு இது போதும் என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று மாமாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா, வாயில் டியூப். இழுத்தார், மூன்றும் ஏறின. விட்டார். மறுபடி இழுத்தார். எதிரே இருந்தவர்கள் இவர்தான் நோயாளி என்று இரக்கப்பட்டுப் பார்த்தார்கள்.

"அத்தே, என்ன பண்றீங்க?"

"மயக்கத்துல மிஷினுதான் மூச்சு வுடுமாம். மிஷின நம்பி எப்பிடி வுடறது?"

ஒன்றரை மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கதவு திறந்து மாமாவைக் கொண்டுவந்தார்கள். அரைக்கண்ணால் மனைவியையும் டியூபையும் பார்த்தவர், தொண்டை கரகரக்கச் சொன்னார்:

"போதும் வுடு புள்ள. நான் வந்துட்டேன்."