தொழுகைக்கு முந்திய அரிசி

பதுளை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிற எனக்கு நோன்புப் பெருநாள் காலையைப் போலத் தலைவலி வேறில்லை. எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளியை எல்லோரையும் போல நானும் நானா என்றுதான் கூப்பிடுவேன். வருஷா வருஷம் அவருடைய பித்ரா அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என் தலையில்தான் விழும். நோன்பு முடிகிற நேரத்தில், வீட்டில் உள்ளவர்களில் தலைக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து ஏழைக்குக் கொடுக்க வேண்டும். பெருநாளன்று யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெருநாள் தொழுகைக்கு முன்னால் அது உரியவர் கைக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் பித்ரா ஆகாது, வெறும் தர்மம்தான்.

திருநீறு பூசுகிற நான் இதையெல்லாம் பாடமாக வைத்திருக்கிறேன். வைத்திருக்க வேண்டியவரோ முதல் நாள் கடைசி ஆள் போகும்வரை துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, விடிந்த பிறகுதான் அரிசியை நினைப்பார். போன வருஷம் அதைவிட மோசம். பிறை தெரிந்துவிடும் என்று நம்பி ஒரு நாள் முன்னாலேயே வரச் சொன்னார். பிறை தெரியவில்லை, அந்தக் காலை எனக்கு வீண். மறுநாள் ஆறு மணி தாண்டித்தான் மூட்டையை ஏற்றினார். தொழுகை ஏழு மணிக்கு.

"ஏன் நானா, இத நேத்தே குடுத்திருந்தா என்ன?"

"நேத்து நேரம் எங்க? ஒனக்குத்தான் ரோடு தெரியுமே, ஓடு."

அரிசி போக வேண்டியது மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே சின்னக் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி, கணவர் இறந்த பிறகு கடையின் பின்னறையில் தனியாக இருக்கிறார். இருபது நிமிஷம் குழி குழியாக ஏறிப் போய் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க."

மூட்டையை அவிழ்த்தார். ஒரு பையை விரித்து, இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட ஆரம்பித்தார்.

"இதென்னம்மா?"

"என்னோட பித்ரா."

"உங்களுக்கு வந்த அரிசியிலயேவா?"

"இன்னைக்குச் சாப்பாட்டுக்கு மேல கையில இருந்தா எனக்கும் கடமைதான். இப்ப இருக்குல்ல. பஜார்ல குடை தைக்கிற பெரியவரு இருக்காருல்ல, அவருக்குக் குடுத்துருங்க."

தலைக்கு நாலு அள்ளு என்பது கணக்கு. நாலு அள்ளி முடித்துத் தன் கைகளைப் பார்த்தார். "என் கை சின்னது, அளவு கொறஞ்சிரும்" என்று ஐந்தாவதும் அள்ளினார். பிறகு சிந்திய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நேரமாச்சும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வருஷம் பூரா வாங்கிக்கிட்டே இருக்கேன் தம்பி. நானும் குடுத்தே ஆகணும்னு இருக்கிறது இந்த ஒரு நாளுதான். அதுக்கும் நேரமில்லேன்னு சொல்லாதீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் கோபம் தணிந்தது என்று சொன்னால் பொய். நானாவை, ரோட்டை, அந்த ஐந்தாவது அள்ளை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

குடைக்காரர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இல்லை. பெருநாளும் அதுவுமாகக் குடை தைத்துக்கொண்டிருக்க அவருக்கென்ன பைத்தியமா? இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பள்ளிவாசலுக்கு விட்டேன். ஏழாக மூன்று நிமிஷம். செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன். முழங்கால் மடக்க முடியாதவர்கள் கடைசி வரிசையில் நாற்காலியில் இருந்தார்கள். அவரும் இருந்தார். பையை மடியில் வைத்தேன்.

"மேல் தோட்டத்து அம்மா குடுத்தாங்க. பித்ரா."

பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முன்னால் எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். நான் வெளியே வந்தேன்.

என் வேலை முடிந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் போன் கிடையாது. யாரும் சொல்லாமல், கூலி தர ஒரு ஹயரும் இல்லாமல், பெற்றோல் விற்கிற விலையில் மறுபடியும் மலை ஏறினேன். இந்த முறை திட்டியதெல்லாம் என்னைத்தான்.

நான் விட்டுப்போன அதே இடத்தில், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சேந்துருச்சா?"

"தொழுகைக்கு முன்னாடியே சேந்துருச்சும்மா."

"நெசமா?"

"நெசமாத்தான். நானே அவரு மடியில வச்சேன்."

அவர் உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்துப் பெருநாள் சோற்றுக்கு உலை வைத்தார்.