மூன்று வீட்டுக்கு ஒரு பட்டு

"ஆனி, 1998. பட்டு கீழ் வீட்டில். அடுத்த முறை மாடி வீடு." என் கையெழுத்தில் உள்ள இந்தத் துண்டுச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் மாட்டிய நாளைக்கூட காலண்டரில் குறித்துவைக்கிறவள் நான். இந்தச் சீட்டை எழுதிய அதே வாரத்தில் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில், மூன்று குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே முன்பக்கம் நானும் என் கணவரும். பின்பக்கம் தறி வைத்திருந்த தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டு அம்மாளைத் தறி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாடியில் கணவனை இழந்த ஒரு அக்காவும் அவருடைய ஒரே மகளும். மாடி அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தார்.

மூன்று வீட்டிலும் வருமானம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்த காலம். அதனால் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம். செய்தித்தாள் ஒன்றுதான். காலையில் எங்கள் வீடு, மத்தியானம் தறி வீடு, சாயங்காலம் மாடி. அரிசியை வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டையாக வாங்கி, படியால் அளந்து பிரித்துக்கொள்வோம். இஸ்திரிப் பெட்டி மாடியில் இருந்தது, கிரைண்டர் எங்களிடம் இருந்தது. யார் வீட்டில் மாவு அரைத்தாலும் மூன்று வீட்டு அரிசியும் ஒன்றாக ஊறும்.

அப்படித்தான் அந்தப் பட்டுப்புடவையும் வந்தது. ஊரெல்லாம் தறிச் சத்தம் கேட்கிற இடத்தில் இருந்துகொண்டு நல்ல பட்டு இல்லாமல் இருந்தோம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எனக்கும் தறி அக்காவுக்கும் கல்யாணப் புடவை ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துச் சலித்தாகிவிட்டது. மாடி அக்காவின் கல்யாணப் பட்டு, அவர் கணவரின் வைத்தியச் செலவில், ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பவரிடம் போய்விட்டது. ஒருநாள் தறி அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். தெரிந்தவர் தறியில் நெய்த அரக்குப் புடவை ஒன்று; முந்தியில் ஓரிடத்தில் ஜரிகை இழை விட்டுப்போனதால் முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை; பாதி விலைக்குத் தருகிறார்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு போட்டு வாங்கினோம். அந்த இடத்தைக் கொசுவம் மாதிரி மடித்துப் பின் குத்தினால் குறை யார் கண்ணுக்கும் தெரியாது. யாருக்கு விசேஷமோ அவர்கள் கட்டுவார்கள். முறை தவறாமல் இருக்கச் சீட்டு எழுதுவது என் பொறுப்பு.

அந்த ஆனி மாதம் என் அலுவலகத் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்கு நான் கட்டினேன். பட்டைத் துவைக்க மாட்டோம். நிழலில் காற்றாட விட்டு, மடித்து, பழைய வேட்டியில் சுற்றி வைப்போம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டிதான் பட்டுக்கு உறை. நானும் என் கணவரின் பழைய வேட்டியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்தேன். சீட்டை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடி அக்காவின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை என் கணவர் காய்ச்சல் என்று லீவில் வீட்டில் இருந்தார். நான் வேலை முடிந்து திரும்பியபோது காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. புது எவர்சில்வர் இட்லிப் பானை ஒன்றை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்திரக்காரம்மா வந்தாங்க. நீ எடுத்து வெச்சிருந்த பழைய துணிக்குச் சின்ன தூக்குதான் தருவேன்னாங்க. நானா விடுவேன்? பேசிப் பேசிப் பானையே வாங்கிட்டேன்!"

பழைய துணி மூட்டையைக் கீழ்த்தட்டில் கட்டி வைத்திருந்தது உண்மைதான். நானும் பானையைத் தட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மாடிக்குக் கொடுக்கலாம் என்று மேல்தட்டைப் பார்த்தபோதுதான் அது காலியாக இருந்தது தெரிந்தது.

என் கணவரின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியாது. பேரம் கடைசியில் ஒரே ஒரு உருப்படியில் இழுபறியாக நின்றதாம். "இன்னும் ஒரு வேட்டி போடு சார், பானைய எடுத்துக்கோ" என்று அவள் கேட்டிருக்கிறாள். தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. இவர் உள்ளே ஓடி, மேல்தட்டில் தெரிந்த பழைய வேட்டியை மடிப்பு கலையாமல் அப்படியே எடுத்துவந்து அவள் மூட்டைக்குள் செருகிவிட்டார்.

"கனமா இருந்திருக்குமே, தெரியலையா?"

"நாலு முழ வேட்டிதானே, நல்லா நெருக்கமான நெசவுன்னு நெனச்சேன்" என்றார் பரிதாபமாக.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா ரவைக்குப் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அது மூன்றாவது வரன். முதல் இரண்டு வீட்டாரும், பெண் கட்டியிருந்த புடவையைப் பார்த்தே வீட்டு நிலவரத்தை அளந்துவிட்டுப் போனவர்கள்.

அக்கா, "உன் வூட்டுக்காரரையும் ஒரு பானைக்குப் போட்டுட்டு வா, கணக்கு சரியாப் பூடும்" என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

தறி அக்காதான் வழி சொன்னார். அந்தப் பாத்திரக்காரம்மா வாலாஜாபாத் பஸ்ஸில் வருகிறவள். நாங்கள் அரிசி வாங்கும் மில்லுக்குப் பின்தெருவில்தான் வீடு. ஞாயிறு காலை நானும் மாடி அக்காவும் பஸ் ஏறினோம். என் கணவரும் வருவதாகச் சொன்னார். "நீ வேணாம்பா, பஸ்ஸையும் எதுக்காவது மாத்திடுவே" என்று அக்கா தடுத்துவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் ராகு காலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் வருவார்கள். அதற்குள் திரும்ப வேண்டும்.

மில்லுக்குப் பின்னால் போனால் தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு. அவளுடைய மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தலுக்குள் மணையில் பெண்ணை உட்காரவைத்து நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். உடம்பில் எங்கள் அரக்குப் புடவை.

முந்தியில் இழை விட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைத்துப் பின் குத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. விறுவிறுவென்று நடந்தேன். மாடி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போற?"

"கேக்க வேணாமாக்கா?"

"இன்னா கேப்ப? இத்தினி பேர் எதிர்ல பொடவைய அவுருன்னு கேப்பியா?"

அதற்குள் அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். பல முறை வாசலில் பேரம் பேசியிருக்கிறோம். சிரித்த முகம் அப்படியே நின்றுபோனது. கை தானாக முந்தியை இழுத்து இடுப்பில் செருகியது. பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "திங்கக்கெழம உங்க தெருவுக்கு எடுத்தாந்து குடுக்கத்தாம்மா இருந்தேன். எம் பொண்ணு மேல சத்தியம்" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெரிய அம்மாள் எங்களிடையே வந்து நின்றார். அவளுடைய நாத்தனார் என்று பிறகு தெரிந்தது. மேலும் கீழும் எங்களைப் பார்த்துவிட்டு, "நீங்க காஞ்சிபுரமா? நல்லதாப் போச்சு. பாத்திரம் விக்கிறவளுக்குப் பட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு காலைலேர்ந்து கேட்டுக்கினு இருக்கறேன், வாயே தொறக்க மாட்டேங்கறா. நீங்களாவது சொல்லுங்க" என்றார் உரக்க. பந்தலில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பாத்திரக்காரம்மா தரையைப் பார்த்தாள். மணையில் உட்கார்ந்திருந்த அவள் மகள் எங்களையே பார்த்தாள். பதின்மூன்று வயது இருக்கும். கன்னம் முழுக்கச் சந்தனம்.

மாடி அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க பொடவதான். மூணு வூட்டுக்கும் பொது. எங்க தெருவுக்கு எத்தினி வருசமா வருது இது! பொண்ணு விசேஷம்னா சும்மா இருப்போமா? கட்டிக்கன்னு நாங்கதான் குடுத்தோம். சாயங்காலம் எங்களுக்கு ஒரு விசேஷம், அதான் கையோட வாங்கிக்கினு போவலாம்னு வந்தோம்" என்றார்.

நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அக்கா அவரை விடவில்லை. "நீங்க அத்தையா? சீர் தட்டெல்லாம் எங்க, கண்ணுலயே காணோமே?" என்று கேட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பிறகு எங்களையும் நலங்கு வைக்கக் கூப்பிட்டார்கள். மாடி அக்கா கணவனை இழந்தவர். அங்கே யாருக்கும் அது தெரியாது. ஆனால் அவர் முன்னால் போகாமல் என்னை மட்டும் அனுப்பினார். பாத்திரக்காரம்மாவுக்கு எப்படியோ புரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சந்தனக் கிண்ணத்தை அதில் வைத்தாள். "நீ வெய்க்கா" என்றாள். அக்கா சந்தனத்தைத் தொட்டு அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் வைத்தார்.

கடைசிப் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு வடை இறங்கவில்லை. கண் முழுக்கக் கடிகாரத்தில். அக்கா மட்டும் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். போட்டோக்காரர் மகளையும் தாயையும் நிறுத்திப் படம் எடுக்கப் போனபோது அக்கா எழுந்து போய், தன் ஊக்கைக் கழற்றி, அவள் முந்தியில் இழை விட்ட இடத்தை மடித்துக் குத்திவிட்டு வந்தார்.

பிறகு அவள் உள்ளே போய் நூல்புடவை மாற்றிக்கொண்டு, பட்டை அதே வேட்டியில் சுற்றி எடுத்துவந்தாள். இட்லிப் பானையைத் திருப்பித் தருகிறோம் என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேட்டேன். "அவ நிஜமாவே திங்கக்கெழம கொண்டாந்து குடுத்திருப்பாளாக்கா?"

மடியில் இருந்த பட்டைத் தடவியபடி அக்கா சொன்னார்: "அது அவளுக்கே திங்கக்கெழமதான் தெரிஞ்சிருக்கும்."

அன்று மாலை மாடிப் பெண் அந்தப் புடவையில் சந்தன வாசனையோடு வந்து நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். ஆனாலும் அந்த வரன் அமையவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது புடவையோடு நிற்கிற விஷயம் இல்லை. மறு ஆண்டு வேறு இடத்தில் அமைந்து, இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். நாங்கள் மூன்று குடும்பமும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டோம்.

சிக்கனம் என்றால் நம் பொருள் நம் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மகளின் காரியம் தொங்கிக்கொண்டிருந்த நாளில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புடவையை மாடி அக்கா பந்தி முடியும்வரை இன்னொருத்தி உடம்பில் விட்டுவைத்தார். அந்தச் சில மணி நேரத்தை நான் எந்தச் செலவில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சரிபார்க்க முடியவில்லை: திங்கட்கிழமை எங்கள் தெருவுக்கு வரத்தான் இருந்தேன் என்று அவள் சொன்னது நிஜமா என்று. மறுநாள் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தேன். பாத்திரக்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டதாகத் தறி அக்கா சொன்னார். அன்று யாருமே வரவில்லை என்று சாதித்தார், அன்றும் லீவில் இருந்த என் கணவர். அவள் வந்தாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. வந்திருப்பாள் என்று நம்புவதற்கு நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது. மாடி அக்காவுக்கு அந்த முயற்சி தேவைப்படவில்லை.