அக்காவின் டப்பாக்கள்

தாராவியில் நான் வாழப்போன வீட்டில் எதை வேண்டுமானாலும் தொடலாம், அக்காவின் டப்பாக்களை மட்டும் இடம் மாற்றக் கூடாது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, என் கணவரின் அண்ணன் மனைவி. வீடு என்றாலும் பெரிய வீடில்லை. ஒற்றை அறை, அங்கே அதற்குப் பெயர் கோலி. நடுவில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி இரண்டு குடித்தனம். மூலையில் ஒரு பம்ப் ஸ்டவ், அதற்கு மேலே ஒரு பலகை. மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், சோம்பு, சுக்கு, கருப்பட்டி, பெருங்காயம் எல்லாம் அந்தப் பலகையில்தான். ஒன்று வனஸ்பதி டின், ஒன்று பால்பவுடர் டின், ஒன்று நசுங்கிய பிஸ்கட் டின். ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்கார்ந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

என் அம்மா கல்யாணச் சீராக ஒரே அளவில் ஒரு டஜன் எவர்சில்வர் டப்பா கொடுத்து அனுப்பியிருந்தாள். அறுபதுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் எவர்சில்வர் என்றால் தெருவே வந்து பார்க்கும். வந்த வாரமே கேட்டேன்.

"அக்கா, எல்லாத்தையும் இதுல போட்டு அடுக்கிருவமா?"

"தொடாத" என்றாள். அவ்வளவுதான். என் டப்பாக்கள் சாக்குக்குள்ளேயே கிடந்தன.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் எதை வறுத்தாலும் என்னைக் கூப்பிடுவாள். "ஏட்டி, இங்க வா. மோந்து பாரு. மல்லி வாசம் வந்துட்டா?" நான் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டாள். குனிந்து மோந்து, "வந்துட்டுக்கா" என்று சொன்ன பிறகுதான் இறக்குவாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாய்ப்பாடு சொன்ன மாதிரி தினமும் சொல்ல வேண்டும். சமைக்கத் தெரியுமா என்று இன்னும் என்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குள் கொதிக்கும். குழம்பில் ஒரு குறை சொல்ல முடியாது என்பதால் கோபம் இன்னும் கூடும்.

ஆனால் அக்கா பயங்கரத் தைரியசாலி என்று நினைத்திருந்தேன். முதல் நாள் ரயிலை விட்டு இறங்கி எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் தோல்ஷாப்பு நாற்றத்தில் எனக்குக் குடலே வெளியே வந்துவிட்டது. சுண்ணாம்பில் ஊறும் தோலின் நாற்றம் அது, வாயைத் திறந்தால் நாக்கில் வந்து உட்காரும். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டு மூக்கைக்கூடச் சுளிக்காமல் நின்றாள். "பழகிரும்" என்றாள். அவளுடைய வலது முழங்கையில் ஒரு பெரிய தீக்காயத் தழும்பும் இருந்தது. ஸ்டவ் பொங்கியபோது பட்டதாம். அதையும் அலட்டிக்கொள்ளாமல்தான் சொன்னாள்.

என்னைத் தேர்ந்தெடுத்ததே அக்காதான். பெண் பார்க்க அவளும் அவள் புருஷனும் பம்பாயிலிருந்து வந்திருந்தார்கள். நான் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் தலை குனிந்து நின்றேன். யாரோ என்னிடம் என்னவோ கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல், "அம்மா, பால் அடிப்பிடிக்குது" என்று கத்திவிட்டேன். அம்மா பின்கட்டுக்கு ஓடினாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்தால், அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே சம்மதம் சொல்லிவிட்டார்கள். அப்போது என் முடி முழங்கால் வரை வரும். அந்த முடிக்குத்தான் மயங்கிவிட்டாள் என்று எங்கள் தெருவே பேசியது. நானும் அதை நம்பி, பம்பாயிலும் மூன்று நாளைக்கு ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் போனது. எனக்குத் தாங்கவில்லை. தனி அடுப்பு வேண்டும் என்று என் கணவரைப் பிடுங்கி எடுத்தேன். சந்தின் கோடியில் ஒரு கோலி காலியாக இருந்தது. அண்ணனிடம் நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பம்பாயிலேயே வடாலாவில் இருந்த சின்ன மாமனாரை, அதாவது அவருடைய சித்தப்பாவை, ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடிக்கச் சொன்னார். அக்காவுக்கு விஷயம் தெரியும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் ஜெயிக்கப்போகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மழைக்காலம். நான் சாக்கை அவிழ்த்தேன். பலகையில் இருந்த அத்தனையும் என் எவர்சில்வர் டப்பாக்களுக்கு மாறின. பழைய டின்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பலகை பளபளவென்று இருந்தது. வடாலா மாமா வரும்போது பார்க்கட்டும், யாருக்குக் குடித்தனம் நடத்தத் தெரியும் என்று புரியட்டும் என்று நினைத்தேன்.

அக்கா திரும்பி வந்தபோது வடாலா மாமா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காப்பி கேட்டாகிவிட்டது. உள்ளே நுழைந்தவள் பலகையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க? கருப்பட்டி எதுல? சுக்கு எதுல?"

"தொறந்தாத் தெரியப் போகுது" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

தண்ணீரோடு திரும்பும்போது சந்துக்குள்ளேயே என்னை அடித்தது அந்த வாசனை. தோல்ஷாப்பையே அமுக்கிவிட்டு ஒரு நெடி. பக்கத்துக் கோலி மராத்திக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அரே, க்யா ஹுவா?" என்று என்ன ஆயிற்றெனக் கேட்டாள். வேறொன்றும் இல்லை, பெருங்காயம். ஒரு சிட்டிகை இல்லை, கட்டி கட்டியாகக் கொதிக்கிற நெடி. குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

அக்கா ஸ்டவ் முன்னால் குனிந்திருந்தாள். சட்டியிலிருந்து எழும் ஆவி நேராக அவள் முகத்தில் அடிக்கிறது. எனக்கு வாசலிலேயே கண் கரிக்கிறது. அவளோ நிதானமாக, கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

"வந்துட்டியா? மோந்து பாரு. சுக்கு காணுமா, இன்னும் போடணுமா?"

முதலில் ஏறியது கோபம்தான்.

"வேணும்னுதான செய்யுதிய? என் டப்பாவக் கேவலப்படுத்தத்தான?"

"என்னட்டி? என்ன செஞ்சேன்?" அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பலகையில் ஒரு டப்பா திறந்து கிடந்தது, பெருங்காய டப்பா. கருப்பட்டியும் கட்டிப் பெருங்காயமும் இரண்டும் கறுப்பு, மழையில் இரண்டும் பிசுபிசுக்கும். கண்ணால் பார்த்தால் ஏமாறலாம். ஆனால் மூடியைத் திறந்த பிறகு யாராவது ஏமாற முடியுமா? இடித்திருக்கிறாள், அள்ளிப் போட்டிருக்கிறாள், கொதிக்க விட்டிருக்கிறாள்.

அந்த டப்பாவை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினேன்.

"அக்கா, உங்களுக்கு வாசம் தெரியலையா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்தாள். இரும்புப் பிடி. "வெளிய சொல்லிராத" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

அதற்குள் வாசலிலிருந்து மாமாவின் குரல். "ஏம்மா, காப்பி போடச் சொன்னா காயத்தப் போட்டுக் கொதிக்க வைக்கியளா? யாரு பாத்த வேல இது?"

அக்கா என் கையை விடவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யோசிக்க நேரமே இல்லை.

"நான்தான் மாமா. டப்பா மாறிப் போச்சு."

வெளியே மாமா என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தால் சந்து முழுக்கக் கேட்கும்.

"கருப்பட்டிக்கும் காயத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கா நீ தனி அடுப்பு கேக்க? இன்னும் நாலு வருஷம் மூத்தவ கையில கெடந்து படிக்கட்டும். நல்ல கூத்துடே!"

என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு என் மூக்கைப் பற்றித் தெரியும். நம்பாத பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தனி அடுப்பு அதோடு முடிந்தது. மாமா காப்பி குடிக்காமலே வடாலாவுக்கு ரயிலேறினார். ஆண்கள் இரண்டு பேரும் அவரை விட்டுவரப் போனார்கள்.

அக்கா சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பம்பாய் வந்த முதல் வருஷம் ஒரு விஷக் காய்ச்சல் வந்ததாம். எழுந்து உட்கார்ந்தபோது மூக்கில் எந்த வாசனையும் இல்லை. புருஷனுக்கே சொல்லவில்லை. சொன்னால் அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாள் ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெய் ஒழுகி அவள் காலடி வரைக்கும் பரவியிருக்கிறது. தெரியாமல் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறாள்.

முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நான் எத்தனையோ தரம் பார்த்த தழும்புதான். இப்போது பார்க்க முடியவில்லை.

"அதுக்குப் பெறவு தனியா அடுப்புப் பத்த வைக்கவே பயமா இருக்கும். உன் மாப்பிள்ள இப்பக் கல்யாணம் வேண்டாம்னுதான் சொன்னாவ. நான்தான் விடல. வீட்டுல இன்னொரு மூக்கு வேணும்லா?"

அக்கா முந்தானையால் தழும்பை மூடிக்கொண்டாள்.

"ஒவ்வொரு வீடாப் பாத்தோம். உங்க வீட்டுல அத்தனை பேர் உக்காந்திருந்தும் பால் அடிப்பிடிக்கத முதல்ல சொன்னது நீதான். அங்கேயே முடிவு பண்ணிட்டேன்."

"அப்போ என் முடி?" என்றேன். அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

"முடியா?" அக்கா நிஜமாகவே யோசித்தாள். "அத யாருட்டி பாத்தா?"

பிறகு எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த பழைய டின்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் துடைத்தாள். நான் என் டப்பாக்களைத் திறந்து மோந்து மோந்து கொடுக்க, அவள் அதற்குரிய டின்னில் கொட்டி அதற்குரிய இடத்தில் வைத்தாள். சாயங்காலம் மறுபடி அடுப்புப் பற்ற வைத்து மல்லியை வறுத்தாள்.

"ஏட்டி, மோந்து பாரு."

நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். "இறக்குங்கக்கா, கருகப் போகுது" என்றேன்.