சீட்டு ஒருத்தருக்குத்தான்

1939 டிசம்பர் 15, வெள்ளி. மொண்டெவிடெயோ.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. படகில் ஐந்து பேர் என்று எழுதிவிட்டேன். நான்கு பேர்தான் என்கிறார்கள் உடன் வந்தவர்கள். திருத்தப் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கற்பனை இல்லை.

முந்தாநாள் பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதி அடிபட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எங்கள் துறைமுகத்தில் நிற்கிறது. நாங்கள் நடுநிலை நாடு. அது எத்தனை நாள் நிற்கலாம், யார் கரை இறங்கலாம் என்று நேற்று முழுக்கத் தூதர்கள் வாதாடினார்கள். இதற்கிடையில் ஏவால்ட் என்ற இளம் மாலுமி கப்பலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். மாலை வகுப்பில் படித்த என் அரைகுறை ஜெர்மன் மொழியை நம்பி, அவனைப் படகில் மருத்துவமனைக்கு அழைத்துவர என்னையும் அனுப்பினார்கள்.

மாலை 4.10. கப்பலை விட்டுப் புறப்பட்டோம். ஸ்ட்ரெச்சரில் ஏவால்ட். அவன் கையைப் பிடித்தபடி தலைமாட்டில் இன்னொரு மாலுமி.

வழக்கம்போல் எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாத்தேயைச் சுடச்சுட ஊற்றினேன். எல்லோருக்கும் ஒரே குடுவை. வரிசையில் யாரையும் தாண்டக் கூடாது. படகோட்டி அன்செல்மோ, நர்ஸ் டெல்மிரா, பிறகு அந்த மாலுமி.

"என்னடா ஃபெர்மின், கடலுக்கும் மாத்தே ஊட்டுறியா?" மாலுமியிடம் நான் நீட்டியதைப் பார்த்து அன்செல்மோ சிரித்தார்.

குடுவை காலியாகத் திரும்பியது. பனிக்கட்டிபோல் சில்லென்று...

பலத்த காற்று. அந்த மாலுமியின் தொப்பி நாடா மட்டும் அசையவில்லை.

துறையில் காவலர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார். படகைப் பார்த்தார்.

"சீட்டு ஒருத்தருக்குத்தான். இங்க ரெண்டு ஜெர்மன்காரன் இருக்கான். ஒருத்தன் கப்பலுக்குத் திரும்பணும்."

"ரெண்டா? வெயில்ல மண்டை காஞ்சுபோச்சாய்யா?" டெல்மிரா சீறினாள். "வழிய விடு! பையனுக்கு நாடி விழுது!"

"ஒருத்தன் திரும்பட்டும்."

அப்படியானால் காவலரும் அவனைப் பார்க்கிறார்...

ஜெர்மன் மொழியில் சொன்னேன்: "ஒருவர் திரும்ப வேண்டும்." யார் என்று சொல்லவில்லை.

தலைமாட்டில் இருந்தவன் தலையசைத்தான். எழுந்தான். பிடித்த கையை விடவில்லை.

இழுத்தான்.

ஏவால்டின் கை உயர்ந்தது...

தொப். ஸ்ட்ரெச்சர்மேல் விழுந்தது.

"போயிட்டான்," என்றாள் டெல்மிரா.

தலைமாட்டில் யாரும் இல்லை.

கப்பலில் இறந்தவர்களின் அடக்கம் இன்று. சவப்பெட்டிகள் மேல் படங்கள். மூன்றாவது பெட்டியின் மேல் அந்த முகம். முந்தாநாள் காலை, முதல் குண்டிலேயே இறந்தவனாம். அவனும் ஏவால்டும் ஒரே பீரங்கியில் வேலை செய்தவர்களாம்.

யார் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால்...? தெரியவில்லை.

நாளை காலை எட்டு மணி: அடுத்த காயக்காரனை அழைத்து வர வேண்டும்.