அம்மா இருந்த மெழுகுக்கட்டி

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு மெழுகு வேலை. நான் மெழுகுவத்தி செய்வதாகவே ஊரில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். மெழுகு என்னவோ அதே மெழுகுதான். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. வத்திக்கும் தீக்குச்சிக்கும் ரொட்டி சுற்றும் தாளுக்கும் போவதுபோல எங்களுக்கும் வரும். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த சதையை அதில் பதித்துக் கட்டியாக்கினால்தான் மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். அதற்கு முன் சதையிலுள்ள தண்ணீரை முழுக்க எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மெழுகு உள்ளே இறங்காது.

ஒருநாள் அம்மாவின் மார்புக் கட்டி என் மேசைக்கு வந்தது. கட்டி தெரிந்தபோதே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "நெல் அறுப்பு முடியட்டும்" என்று முதலில் தள்ளிப்போட்டாள். பிறகு கூலிப் போராட்டம். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு மிராசுதாரின் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"எங்க மனைக்கட்டுல குடியிருந்துகிட்டு எங்களையே எதுக்குறீங்களாடா? காலி பண்ணுங்கடா."

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் குடிசை இருக்காது என்று பயந்து, அம்மா மாதக்கணக்கில் வாசலை விட்டு அசையவில்லை. கட்டி முற்றிய பிறகுதான் வந்தாள். அந்த ஆட்கள் நாசமாய்ப் போகட்டும் என்று இன்றும் சபிக்கிறேன்.

வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் நடவு வயலில் தண்ணீருக்குள் நின்றவள். அவள் சதையிலிருந்த தண்ணீரை நானே எடுத்தேன். உருகிய மெழுகை நானே ஊற்றினேன். அது ஆறி வெளுத்ததும் கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் அழுதேன்.

அடுத்த நடவுக்கு அம்மா இல்லை. சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு ஈரவேட்டியோடு வந்த அப்பா கேட்டார்:

"ஏம்மா, ஆஸ்பத்திரியில கொஞ்சம் இருக்காளே ஒங்கம்மா. அதையும் கொண்டாந்து கரைச்சிடலாமா?"

"வெளிய குடுக்க மாட்டாங்கப்பா. குடுத்தாலும் மெழுகு தண்ணியில கரையாது."

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பிறகு, குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. குடியிருந்த மனைக்கு எங்கள் பேரிலேயே பட்டா கிடைத்தது. தெருவே கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கரையாட்டி பரவால்லம்மா. இங்கயே கொண்டாந்துரு, பொதைச்சிருவோம். இனிமே அவள யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது."

கொடுக்க மாட்டார்கள் என்று மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரிப்பா" என்றேன்.