சுவருக்கு உள்ளே இடமில்லை

என் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்தை அசனப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவரே எங்கள் ராஜபாளையம் சபையின் செயலாளர்தான். சபை மொத்தமும் ஒன்றாகப் பந்தியில் உட்காரும் நாள், பேராயரும் வருவார், அவர் கையால் பெற்றால் பிள்ளைக்குப் பெருமை என்றார். தங்கையும் சரி என்றாள். எங்கள் பக்கம் இப்படித் தள்ளிப்போடுவது வழக்கம்தான்.

அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வேனில் நேரே சர்ச்சுக்குக் கொண்டுவந்தோம். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டதற்கு அதே செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஞானஸ்நானம் பெறாமல் ஜென்ம பாவத்தோடு போன பிள்ளைக்குச் சுவருக்கு உள்ளே இடமில்லை என்றார்.

போதகர் வெளியூரில் இருந்ததால் கமிட்டி கூடியது. கைக்குழந்தைக்கு என்னய்யா பாவம் என்று பொருளாளர் கேட்டார். ஆதாமின் பாவம் பிறக்கும்போதே ஒட்டிக்கொள்ளும் என்றார் செயலாளர். அப்படியானால் மரியாள் வயிற்றில் பிறந்த இயேசுவுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை, அவரும் முழு மனிதர்தானே என்று பொருளாளர் மடக்கினார். அம்புட்டுத்தான். மனுஷத்தன்மை, தெய்வத்தன்மை என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் டீயும் வடையும் வந்தன. வடையை வாயில் அடக்கிக்கொண்டே ஒருவர் வேத வசனம் சொன்னார். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! பொருளாளராவது எங்கள் பக்கம் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் ஜெயிப்பதுதான் குறி. பிள்ளை வேனில் தங்கையின் மடியில் கிடப்பது அங்கே ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே பிள்ளையோடு உள்ளே வந்தாள்.

"அந்தப் பாவம் எங்கிட்ட இருந்துதான அவனுக்கு வந்துச்சு? நான் செத்தா உள்ள பொதைப்பீகள்ல? அந்த எடத்துல இவனை வைங்க. நான் வெளிய கெடந்துக்கிடுதேன்."

போதகர் வரட்டும், பொறவு பேசிக்கிடுவோம் என்று செயலாளர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சேத்தூரில் தங்கை மாப்பிள்ளையின் தோப்பில் அடக்கம் செய்தோம். எனக்குத் தெரிந்த ஜெபத்தை நானே சொன்னேன்.

அசனத்தன்று செயலாளர் பந்திச் சோற்றோடு தங்கை வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்கிறாராம்.

"அடுத்த பிள்ளைக்குப் பொறந்த ஒடனே ஞானஸ்நானம் குடுத்துருவோம்மா."

அவள் சோற்றை வாங்கவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, அவர் நின்ற வாசலைக் கழுவிவிட்டாள்.