நீர்வாசல் காவலன் சீட்டு

என் மருமகள் சீட்டு விளையாட்டுகள் செய்கிறவள். சூதாட்டம் என்று நினைத்தால் அது உங்கள் பாடு. பழைய யுத்தங்களையும் ராஜா ராணி கதைகளையும் எடுத்துச் சீட்டாக்குவாள். படைக்கு ஒரு சீட்டு, தானியத்துக்கு ஒன்று, ஒற்றனுக்கு ஒன்று. புத்தி உள்ளவர் ஆடினால், கதையில் தோற்ற ராணி எங்கள் சாப்பாட்டு மேசையில் ஜெயித்துவிடுவாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம். தான் செய்த ஆட்டத்தை மற்றவர் ஆடிப் பார்க்கும்போது வாயே திறக்க மாட்டாள். தப்பாக ஆடினாலும் திருத்த மாட்டாள். ஏனடி என்று கேட்டேன்.

“வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நான் பெட்டிக்குள்ள உக்காந்து போக முடியுமா அத்தை?”

கோட்டை முற்றுகை ஆட்டத்துக்காகத்தான் ஆபீஸ் வேலையை விட்டாள். அந்தக் கதையில் ராணியின் தம்பிதான் நீர்வாசல் காவலன், கோட்டைக்குத் தண்ணீர் வருகிற வாசலைக் காப்பவன். எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவன். அவன் சீட்டு யாருக்கு வருகிறதோ, அவர் கடைசிவரை மறைத்து வைக்க வேண்டும். இதை ஆட்டங்கள் அச்சடித்து விற்கிற கம்பெனி எடுக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவேன் என்று என் மகனிடம் அவளே கெடு வைத்தாள்.

கம்பெனிக்கு நானும் போனேன், நாலாவது கைக்கு. எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் தெரியும், கணக்கு தெரியும். முதலாளி, கணக்கர், படம் வரைகிற பெண், நான். விதியை உரக்கப் படித்த அந்தப் படம் வரைகிற பெண், மறைத்து வைக்கச் சொல்லும் வரியை விட்டுவிட்டாள். முதலாளி காவலன் சீட்டை எல்லோரும் பார்க்க மேசைமேல் விரித்துப் போட்டார். நான் வாயெடுத்தேன், மருமகள் என் காலை மிதித்தாள்.

துரோகி யாரென்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஆனால் தண்ணீரைத் திறக்கிற சாவிச் சீட்டும் அவரிடம். நம்பினாலும் கெட்டோம், நம்பாவிட்டாலும் கெட்டோம். தானியம் தருகிறேன், படை தருகிறேன் என்று குழைந்தோம். அவர் சாய்ந்து உட்கார்ந்து, புது மாப்பிள்ளை மாதிரி கவனித்தால் யோசிக்கிறேன் என்றார். கடைசியில் கதவைத் திறந்தேவிட்டார். கணக்கர் சீட்டை வீசினார்.

“கண்ணு முன்னாடியே கவுத்துட்டீங்களே சார்.”

முதலாளிக்கு ஒரே குஷி. இன்றே கையெழுத்து போடலாம் என்றார்.

“சார், நீங்க ஆடினது நான் செஞ்ச ஆட்டம் இல்ல” என்றாள் இவள்.

அதனாலென்ன, இதையே போடலாம் என்றார் அவர்.

“இன்னைக்கு நல்லா வந்துச்சு. இன்னொரு வீட்ல வருமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி விக்கிறது?”

வேறு ஆட்டம் காத்திருக்கிறது, இடம் பிடித்து வைக்க முடியாது என்று அவர் முகம் சுண்டிவிட்டது. இவள் சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் போட்டாள். பஸ்ஸில் நான் விடவில்லை. வந்த சீதேவியை வாசலோடு அனுப்பிவிட்டாயே என்று இறங்குகிறவரை திட்டினேன்.

வீட்டில் அந்தத் தப்பு விதியையே வைத்து ஆடினோம். என் மகன் கெஞ்சவெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் காவலனைச் சிறையில் போட்டுச் சாவியைப் பிடுங்கினான். போட்ட டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்தது. அவள் சொன்னதுதான் சரி.

சொன்ன சொல்படி வேலைக்குத் திரும்பினாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் கத்தரியும் அட்டையும்தான். கதையை மறுபடி கிண்டினாள். நிலத்தடி வாய்க்கால் எங்கே போகிறதென்று அந்தத் தம்பிக்கு மட்டுமே தெரியும். அப்படியானால் பிடுங்கச் சாவி எதற்கு? சாவிச் சீட்டையே தூக்கினாள். அவனைச் சிறையில் போட்டால் தண்ணீரும் நிற்கும். எதிர் வீட்டுக்காரர்கள், தையல் கடைப் பெண்கள், மகனின் சிநேகிதர்கள், எல்லோரையும் ஆடவைத்தாள். யார் ஆடினாலும் சண்டை சூடு பிடித்தது. பிறகுதான் கம்பெனிக்குப் பெட்டியைத் தூக்கினாள்.

இந்த முறை காவலன் சீட்டு எனக்கு வந்தது, விரித்துப் போட்டேன். முதலாளி விவரமாக என்னை உடனே சிறையில் போட்டார். அடுத்த சுற்றில் தண்ணீர் இல்லை, அவர் படை சாய்ந்தது. இப்போது என்ன செய்வது என்பதுபோல மருமகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, வெளிய விட்டா என்ன வேணும் உங்களுக்கு?”

இருக்கிற தானியம் அத்தனையும் கேட்டேன். கொடுத்தார். வெளியே வந்ததும் எதிரிக்குக் கதவையும் திறந்துவிட்டேன். சிரித்து முடித்துக் கையெழுத்து போட்டார்.